இருபத்துநாலு சாமியும் பூர்வ ஜென்மச் சேமிப்பும்

கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. மதியம் இரண்டு மணிக்கே படிக்கட்டு நிரம்பிவிட்டது. மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த மாடி மண்டபம் அது. கீழே கட்டில் விலை கேட்க வந்த புருஷனும் பெண்டாட்டியும்கூட, மேலே ஏதோ சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைத்து வரிசையில் நின்றுகொண்டார்கள். சும்மா எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நிற்பதற்கு நம்மவர்களுக்குக் காரணமா வேண்டும்?

மேலே மேடையில் நீல விளக்கு. ஒரு ஓரத்தில் புகை கக்கும் இயந்திரம். அது நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்தது. பக்கவாட்டில் கம்பெனியின் பெயர்கூட அழியாமல் இருந்தது. நடுவில் பூட்டிய கண்ணாடிப் பேழை. அதற்குள் பட்டுத்துணி விரித்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி. அதுதான் ‘தாய்ப்பெட்டி’யாம். அதற்குப் பின்னால், பென் டிரைவ்களைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு நின்றார் இருபத்துநாலு சாமி.

சாமிக்கு அந்தப் பெயர் வந்தது வயதாலும் இல்லை, தவத்தாலும் இல்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் இருபத்துநாலு வார்த்தை கொடுப்பார். வார்த்தைக்குத் தனிக் கட்டணம். கருவிக்குத் தனிக் கட்டணம்.

“பேங்க்காரன் உன் காசை அவன் பெட்டியில வைக்கிறான். நான் உன் காசை உன் கையில வைக்கிறேன்!” என்று சாமி முழங்கினார். “இதுக்குப் பேரு ஹார்டுவேர் வாலெட். உன் டிஜிட்டல் காசுக்கு இதுதான் பூட்டு. இருபத்துநாலு வார்த்தைதான் சாவி. பூட்டு தொலைஞ்சா பரவாயில்ல, வேற பூட்டு வாங்கி இந்த வார்த்தையைப் போட்டா காசு அப்படியே வந்து நிக்கும். ஆனா சாவி தொலைஞ்சா போச்சு. யாருக்கும் காட்டாதே. போட்டோ எடுக்காதே. பெத்த புள்ளைக்கும் காட்டாதே, கட்டினவளுக்கும் காட்டாதே!”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இதில் விசேஷம். கற்றுக்குட்டிப் பொய்யன் பத்துக்குப் பத்தும் பொய் சொல்லி அன்றைக்கே மாட்டிக்கொள்வான். தேர்ந்த பொய்யன் ஒன்பது உண்மையை அடுக்கி, அதன் மேல் ஒரே ஒரு பொய்யை ஏற்றி உட்கார வைப்பான். சாமியின் பத்தாவது வாக்கியம் இதுதான்: “உன் பிறந்த நேரத்தைக் கணிச்சு, உனக்குன்னே உள்ள வார்த்தைகளை நானே பெட்டியில ஏத்தித் தருவேன்.”

வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்றான் ஏழரை.

அவன் சலவைத் தொழிற்சாலையில் ரோலர் ஓட்டுகிறவன். ஓட்டல், ஆஸ்பத்திரி என்று ஊரிலுள்ள படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். ஈர விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால், அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் விரிப்போடு அவன் இடது கையும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. போன விரல்கள் இரண்டரை. மிச்சம் ஏழரை. கூட வேலை செய்கிறவர்கள் துக்கம் விசாரிக்க வந்த அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

மூன்று வருஷம் நடையாக நடந்த பிறகு, போன மாதம்தான் விரலுக்கான நஷ்டஈடு கைக்கு வந்தது. அந்தப் பணத்துக்கு அவன் மனைவி ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை காலியாகிறது. முன்பணம் கட்டி, இரண்டு சலவை இயந்திரம் போட்டால், சொந்தத் தொழில். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். “மிச்சம் இருக்கிற ஏழரையாவது உன் உடம்புலேயே இருக்கட்டும். நாளைக்கே அந்த ரோலரை விட்டு இறங்கு” என்பாள்.

ஏழரைக்கு ஆசை கொஞ்சம் பெரிசு. இரண்டு இயந்திரத்துக்குப் பதில் நான்கு இயந்திரம் போட்டால் என்ன?

அவன் முறை வந்தது. சாமி அவன் பிறந்த தேதியைக் கேட்டார். கண்ணை மூடினார். புகை இயந்திரத்தை யாரோ மிதித்தார்கள். ஏழரைக்கு இருமல் வந்தது. ஒரு கருவியும் ஓர் அட்டையும் கைக்கு வந்தன. முதல் வார்த்தை ஏணி. இரண்டாவது ஒட்டகம். மூன்றாவது வெங்காயம்.

“ஏணி!” என்றார் சாமி. “உனக்கு ஏற்றம்தான்யா!”

ஏழரைக்கு உடம்பு சிலிர்த்தது. ஒட்டகத்தையும் வெங்காயத்தையும் பற்றிச் சாமி எதுவும் சொல்லவில்லை. ஏழரையும் கேட்கவில்லை.

பிறகுதான் அற்புதம் நடந்தது. கருவியைக் கைப்பேசியோடு இணைத்ததும் திரையில் ஓர் எண் வந்தது. அவன் இன்னும் ஒரு காசு போடவில்லை. ஆனால் கணக்கில் முழுசாக ஒரு டிஜிட்டல் காயின். அதற்கு மேலே புள்ளி வைத்துக் கொஞ்சம். ஏழரை வாழ்நாள் முழுக்க உருட்டிய விரிப்பையெல்லாம் விற்றாலும் அவ்வளவு வராது.

“சாமி, இது... இது என் காசு இல்லையே?”

“உன் காசுதான். போன ஜென்மத்துல நீ சேர்த்து வெச்சது. பூர்வ ஜென்மச் சேமிப்பு!”

“போன ஜென்மத்துலயே இதெல்லாம் இருந்துச்சா சாமி?”

சாமி அவனைக் கருணையோடு பார்த்தார். “கேள்வி கேக்கறவனுக்கு இது சுருங்கும். நம்பறவனுக்கு வளரும். இந்த ஜென்மத்துக் காசுக்கும் காயின் வாங்கி இதுல சேர்த்தா, பழுக்கும் நாளன்னைக்கு ரெண்டையும் எடுக்கலாம். அதுக்கு முன்னாடி தொட்டா அத்தனையும் கரி. எவ்வளவு இருக்குன்னு வெளியில வாயைத் திறந்தாலும் கரி. புரியுதா?”

புரிந்தது. அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தனித்தனியாக, ரகசியமாக, ஒரே மாதிரி புரிந்தது.

சாமி போட்ட நிபந்தனை இன்னொன்றும் உண்டு. அட்டையை மூன்று நாளில் எரித்துவிட வேண்டும். வார்த்தைகள் உடம்போடு இருக்க வேண்டும். படித்தவர்கள் மனப்பாடம் செய்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் இருபத்துநாலையும் முதுகில் பச்சை குத்திக்கொள்ளப் போய், பதினொன்றாவது வார்த்தையில் வலி தாங்காமல் எழுந்து ஓடிவந்துவிட்டார். சலவைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களிடம் குறி மை இருந்தது. எந்த விரிப்பு எந்த ஓட்டலுக்கு என்று ஓரத்தில் எழுதுகிற மை. கொதிநீரில் போட்டாலும் போகாது, சலவைச் சோடாவில் போட்டாலும் போகாது. துணி கிழிந்தாலும் எழுத்து கிழியாது. எல்லோரும் வேலைக்குக் கட்டுகிற ஏப்ரனின் உள்மடிப்பில், வார்த்தைகளை வரிசையாக எழுதிக்கொண்டார்கள். பாய்லர்காரன் எழுதினான். துணி மடிக்கிற அக்கா எழுதினாள். சூப்பர்வைசர், கக்கூசில் தாழ் போட்டுக்கொண்டு எழுதினார். ஏழரையும் எழுதினான்.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் முகத்திலும் ஒரு களை. முதலாளியைப் பார்த்து வணக்கம் வைக்கும்போதுகூட, ‘போன ஜென்மத்தில் நான் உனக்கு மேலே’ என்கிற மாதிரி ஒரு பார்வை.

எண்ணும் வளர்ந்தது. அதுவும் சம்பள நாள் அன்று சாயங்காலம் துள்ளிக் குதித்து ஏறியது. ஏழரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மனைவியிடம் பாதிதான் சொன்னான். “சம்பள நாளானா ஏறுது. பிரபஞ்சத்தோட கொடை!”

“பிரபஞ்சத்துக்கும் நம்ம முதலாளிதான் சம்பளம் போடறாரா?” என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவளும் அதே தொழிற்சாலைதான். வருகிற துணியைப் பிரித்து, பையைத் துழாவி, குறி போட்டு அனுப்புகிற மேசை அவளுடையது. எல்லோரும் அவளைக் குறிக்காரி என்பார்கள். வருங்காலத்தைச் சொல்கிற குறி அல்ல. தலையணை உறை எந்த அறைக்குப் போகும் என்று சொல்கிற குறி. அந்தக் குறி தப்பாது. ஒரே குறியை இரண்டு ஓட்டலுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று இருபது வருஷமாகத் தெரிந்தவள். ஒருத்தன் சொத்து இன்னொருத்தன் வீட்டுக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை தொழிலாளிகளின் ஏப்ரன்கள் துவைக்க வந்தன. அவள் ஒன்றைப் புரட்டினாள். ஏணி, ஒட்டகம், வெங்காயம். யாரோ வேலை மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள் என்று ஓரமாக வைத்தாள். அடுத்ததைப் புரட்டினாள். ஏணி, ஒட்டகம், வெங்காயம். மூன்றாவது. நான்காவது. ஏழாவது ஏப்ரனைப் புரட்டியதும் ரோலர் பக்கம் ஆள் அனுப்பினாள்.

டீ இடைவேளைக்கு மணி அடித்திருந்தது. ஏழரை டம்ளரோடு வந்தான்.

“இது யாருது, பாரு” என்று ஓர் ஏப்ரனை நீட்டினாள்.

அவன் முகம் வெளுத்தது. “ஏய், மூடு, மூடு! அதை நீ படிக்கக் கூடாது. என்னுது அது.”

“உன்னுதா?”

“ஏணின்னு போட்டிருக்கே. எனக்கு ஏற்றம்னு சாமி சொன்னாரு.”

“இது பாய்லர்காரன் ஏப்ரன்.” அவள் மற்றதையும் மேசைமேல் ஒவ்வொன்றாக விரித்தாள். “இது மடிப்பக்காவுது. இது சூப்பர்வைசருது. இதுதான் உன்னுது. கறை பார்த்தாலே தெரியலையா? ஊருக்கே ஏத்தமாம்யா. எல்லாரும் ஒரே ஏணியில நிக்கறீங்க.”

ஏழரை ஏழு ஏப்ரனையும் மாறி மாறிப் படித்தான். கடைசி வார்த்தை வரைக்கும் படித்தான். எழுத்துப்பிழை மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. டீ ஆறியது.

“ஒருவேளை... நாங்க எல்லாரும் ஒரே நேரத்துல பிறந்திருப்போமோ?”

“சூப்பர்வைசருக்கு அறுபது வயசு. பாய்லர்காரனுக்கு இருபத்தெட்டு.”

 அவள் அவனையே பார்த்தாள். இருபது வருஷக் குடித்தனம். முகத்தைப் படிக்க எழுத்து தேவையில்லை.

“விரல் காசைப் போட்டுட்டியா?”

“முந்தாநாள்தான்.”

“எவ்வளவு?”

“எல்லாம்.”

அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. ஏழு ஏப்ரனையும் ஒவ்வொன்றாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகு தன் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, “அரை நாள் லீவு சொல்லிடு” என்று சொல்லி வெளியே நடந்தாள். ஏழரை பின்னாலேயே ஓடினான்.

பெரிய கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. அங்கே இருந்த மூக்குக்கண்ணாடி போட்ட கடைக்காரர், சாமியின் கருவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“நல்ல பெட்டிதான். நானும் இதைத்தான் விக்கறேன். வார்த்தை யாரு எழுதினது?”

“சாமி குடுத்தாரு” என்றான் ஏழரை.

“பெட்டியோட வார்த்தையும் சேர்ந்து வந்துச்சுன்னா அது உங்க பெட்டி இல்லங்க. குடுத்தவன் பெட்டி. உங்க வீட்டுக்குக் கதவு போட்டுக் குடுத்து, சாவியை நகல் எடுத்து அவனும் வெச்சிருக்கான்.” அவர் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். “இப்ப இது காலி. நீங்க திறந்ததும் இதுவே வார்த்தை உண்டாக்கும். இந்தக் குட்டித் திரையில ஒவ்வொண்ணா காட்டும். உங்க கையால காகிதத்துல எழுதணும். நான் பார்க்கக் கூடாது. கம்பெனிக்காரன் பார்க்கக் கூடாது. போன்ல, கம்ப்யூட்டர்ல எதுலயும் அடிக்கக் கூடாது. ரகசிய எண்ணும் நீங்களே வைக்கணும், பிறந்த தேதியை வெச்சுடாதீங்க. அவ்வளவுதான் மந்திரம்.”

“அப்ப எங்க பூர்வ ஜென்மக் காசு?”

“ஒரே வார்த்தையை நூறு பெட்டியில போட்டா, நூறும் ஒரே கணக்கைத்தான் காட்டும். ஒரு தொட்டி, நூறு ஜன்னல். அடுத்தவன் ஊத்தினதை நீங்க எட்டிப் பார்த்துட்டு, நம்ம தண்ணி பொங்குதுன்னு நினைச்சிருக்கீங்க.”

வீட்டுக்கு வந்து அவள் சமையல்கட்டு மேசையில் புதுப் பெட்டியைத் திறந்தாள். ஏழரை எட்டிப் பார்த்தான்.

“அந்தப் பக்கம் போ.”

“கட்டின புருஷன்டி!”

“நேத்துவரைக்கும் கட்டினவகிட்ட காட்டாம ஏப்ரன்ல எழுதி வெச்சிருந்த புருஷன்தானே? போ.”

எழுதி முடித்தாள். பிறகு அவள் செய்த காரியம் ஏழரைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. காசு எதுவும் போடாமல், பெட்டியை முழுசாக அழித்தாள். காகிதத்தைப் பார்த்து வார்த்தைகளை மறுபடி பெட்டியில் ஏற்றினாள். அதே கணக்கு திரும்பி வந்தது. “சாவி பூட்டைத் திறக்குதான்னு, வீட்டைச் சாத்தறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்” என்றாள்.

ஏழரை தலையைச் சொறிந்தான். “நாம ஒண்ணு செய்யலாமே. நம்ம காசை மட்டும் சத்தமில்லாம இதுக்கு மாத்திக்கிட்டா என்ன?”

“தொட்டியில எந்தச் சொம்பு நம்ம சொம்பு? அதோட, கொஞ்சம் குறைஞ்சாலும் அவன் கண்ணுல பட்டுடும். மிச்சத்தை அந்த நிமிஷமே வழிச்சு எடுத்துட்டு ஓடிடுவான். மடிப்பக்கா மருமக பிரசவத்துக்கு வெச்ச காசு அதுல கிடக்கு.” அவள் கருவியைப் பையில் போட்டாள். “ஞாயித்துக்கிழமைதானே பழுக்குதுன்னு சொன்னே? பழுக்கட்டும். எல்லாரும் இருக்கறப்போ எடுப்போம்.”

ஞாயிறு மாலை மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. நூற்று முப்பது பேர், நூற்று முப்பது கருவிகள், நூற்று முப்பது போன ஜென்மங்கள். மேடையில் புதிதாக ஒரு பெரிய செப்பு அண்டா. சாமி அன்றைக்கு வெள்ளை உடுப்பில் பளபளத்தார். அந்த உடுப்பை ரோலரில் விட்டு எடுத்தவன் ஏழரைதான்.

“பழுக்கும் நாள் வந்துடுச்சு!” என்றார் சாமி. “உங்க பெட்டிகளை இந்த அண்டாவில போடுங்க. மூணு நாள் இருட்டுல இருக்கணும். நாலாவது நாள் வந்து எடுத்துக்கிட்டா ரெண்டு மடங்கு!”

கூட்டம் எழுந்தது. குறிக்காரியும் எழுந்தாள்.

“சாமி! போடறதுக்கு முன்னாடி, ஆசை தீர ஒரு தடவை பார்த்துக்கறோமே. மூணு நாள் பிரிஞ்சிருக்கணும்ல?”

கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. “ஆமா சாமி, பார்த்துக்கறோம்!” என்றது. சாமி கை அசைத்தார். நூற்று முப்பது பேரும் கருவியைக் கைப்பேசியில் மாட்டி, பக்கத்தில் இருப்பவன் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

“இப்ப நான் மூணு எண்ணுவேன். எல்லாரும் உங்க உங்க எண்ணைச் சத்தமா சொல்லுங்க.”

“சொல்லக்கூடாது!” சாமி அலறினார். “சொன்னா வளர்ச்சி நின்னு போயிடும்!”

“இன்னைக்குத்தான் பழுத்துடுச்சே சாமி. பழுத்ததுக்கு அப்புறம் என்ன வளர்ச்சி?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.  அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஒரு ஜென்மத்துச் சொத்து கரியாகிவிட்டால்?

ஏழரை சுற்றிலும் பார்த்தான்.  போட்டது என் விரல், போனால் போகட்டும் என்று எழுந்து நின்றான்.

“ஒண்ணு புள்ளி... மூணு... ஆறு...”

“ஒம்பது, நாலு” என்றான் பாய்லர்காரன், தன்னை அறியாமல்.

“அட, எனக்கும் அதேதான்!” என்றாள் மடிப்பக்கா.

அப்புறம் தடுக்க முடியவில்லை. ஒண்ணு புள்ளி மூணு ஆறு ஒம்பது நாலு என்று மண்டபமே வாய்ப்பாடு ஒப்பித்தது. கட்டில் வாங்க வந்து சாமியிடம் மாட்டிய தம்பதி, ஒருவர் கைப்பேசியை ஒருவர் பிடுங்கிப் பார்த்து, “உனக்கும் இருக்கா?” “உனக்குமா?” என்று முறைத்துக்கொண்டார்கள்.

இத்தோடு சாமியின் கதை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சாமி இரண்டு கையையும் உயர்த்தினார். “பார்த்தீங்களா! என் அருளில் ஏற்றத்தாழ்வு இல்லை! ஏழை பணக்காரன் இல்லை! எல்லாருக்கும் சமம்!”

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டியது. மடிப்பக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமதர்மம் இவ்வளவு மலிவாக வேறெங்கும் கிடைத்ததில்லை.

குறிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புதுப் பெட்டியை எடுத்தாள். “சரி. சமம்தானே? யாரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காதீங்க. என் புருஷன் அவரு பெட்டியிலிருந்து ஒரு துளி எடுக்கப் போறாரு. அவரு கணக்கு மட்டும்தானே குறையணும்?”

“அது சாபம்! தொட்டா கரி!”

“அவரு கரியானா நான் பார்த்துக்கறேன். நீங்க உக்காருங்க.”

ஏழரை கைப்பேசியில் புதுப் பெட்டியின் முகவரியைக் கொடுத்தான். தன் கருவியின் குட்டித் திரையில் வந்த முகவரியையும் புதுப் பெட்டியின் திரையில் இருந்ததையும் இருவரும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள், அவள் அவசரப்படவில்லை. கருவியின் இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். வலது கட்டைவிரலை ஒன்றில் வைத்தான். மற்றதில் அந்த அரை விரலை வைத்தான். அழுத்தினான்.

கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு முன்வரிசையில் ஒரு குரல்: “ஐயோ, என்னுது குறையுது!”

“என்னுதும்!”

“நான் எதையும் தொடலையே! சத்தியமா தொடலையே!”

நூற்று முப்பது திரையிலும் ஒரே துளி குறைந்திருந்தது. இந்த முறை கைதட்டல் இல்லை. வரவு சமமாக இருக்கும்போது அருளாகத் தெரிந்தது, செலவு சமமானதும் திருட்டாகத் தெரிந்துவிட்டது. மனிதனுக்கு ஞானம் பெரும்பாலும் இந்தக் கதவு வழியாகத்தான் வருகிறது.

“எல்லாரும் கேளுங்க!” குறிக்காரி நாற்காலி மேல் ஏறி நின்றாள். “உங்க எல்லாருக்கும் ஒரே வார்த்தை. ஏணி, ஒட்டகம், வெங்காயம். பூர்வ ஜென்மமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. எல்லார் காசும் ஒரே தொட்டியில கிடக்கு. அந்த வார்த்தை தெரிஞ்ச யாரும் மொத்தத்தையும் எடுக்கலாம். நானும் எடுக்கலாம். அதோ, அவரும் எடுக்கலாம்!”

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். சாமி முதுகைக் காட்டிக்கொண்டு, தாய்ப்பெட்டி இருந்த கண்ணாடிப் பேழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேழைக்கு மூன்று பூட்டு. பயபக்தி வருவதற்காக அவரே போட்டது. சாவிக்கொத்து பென் டிரைவ் மாலையில் சிக்கிக்கொண்டது. யார் காலோ பட்டு, புகை இயந்திரம் வேறு கக்க ஆரம்பித்தது.

“யார் எடுக்கட்டும், சொல்லுங்க!” என்று கத்தினாள் குறிக்காரி.

“நீ எடுடி! சீக்கிரம் எடு!” மடிப்பக்காவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

துளி பத்திரமாக வந்து சேர்வதை அவள் தன் திரையில் பார்த்தாள். ஏழரை மிச்சம் முழுவதையும் அதே முகவரிக்குக் கொடுத்தான். மறுபடியும் முகவரியை ஒத்துப் பார்த்தார்கள். மறுபடியும் கட்டைவிரல், அரை விரல். நூற்று முப்பது திரையும் பூஜ்யமாகின. அந்த நேரத்தில்தான் மேடையில் மூன்றாவது பூட்டு திறந்தது.

புகையிலிருந்து சாமி வெளியே வந்தார். இருமினார். கூட்டம் மேடை ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சட்டென்று முகத்தில் அதே கருணை.

“வெற்றி!” என்றார். “இது நான் உங்களுக்கு வெச்ச சோதனை. நீங்களா கண்டுபிடிக்கறீங்களான்னு பார்த்தேன். தேறிட்டீங்க!”

நம்பினால் நம்புங்கள், நாலைந்து பேர் இதற்கும் கைதட்டினார்கள்.

பாய்லர்காரன் தட்டவில்லை. சாமியை அலாக்காகத் தூக்கிச் செப்பு அண்டாவுக்குள் உட்கார வைத்தான். மூன்று நாள் இருட்டில் இருந்தால் இரண்டு மடங்கு ஆவீர்கள் என்றான். போலீஸ் வந்துவிட்டதால் இரண்டு மணி நேரம்தான் இருக்க முடிந்தது.

குறிக்காரி அடுத்த நாளே, ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருந்த, காயின் வாங்கிய குறுஞ்செய்தியைப் பார்த்து அவரவர் காசை அவரவர் புதுப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினாள். போன ஜென்மத்துக்கும் சேர்த்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் போன ஜென்மத்திலேயே போய் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மாதக் கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு இயந்திரத்தோடு கடை திறந்தது. ஏழரை ரோலரை விட்டு இறங்கினான்.

இங்கே நிறுத்தினால் கதை நல்ல கதை. ஆனால் கடை திறந்த மூன்றாவது நாள் சூப்பர்வைசர் வந்தார். முன்னால் வாங்கியது ராசியில்லை என்று, கையில் உறை பிரிக்காத இன்னொரு புதுப் பெட்டி.

“அம்மா, உங்க கை ராசியான கை. நீங்களே உங்க கையால எனக்கு ஒரு இருபத்துநாலு வார்த்தை எழுதிக் குடுங்க.”

“நான் குடுக்கக் கூடாதுங்க. பெட்டியே சொல்லும். நீங்களே எழுதிக்கோங்க. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கறேன்.”

“திரும்பிக்கிட்டா ராசி எப்படிம்மா வரும்?”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இயந்திரங்கள் இரண்டும் சுற்றின. அவர் முக்கி முனகி, அடித்து எழுதி, முக்கால் மணி நேரத்தில் முடித்தார். பிறகு எழுந்து வந்து, அவள் முகத்துக்கு நேராகக் காகிதத்தை நீட்டினார்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கேனா, ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்கம்மா. உங்களுக்குச் சேர வேண்டிய காணிக்கையையும் எடுத்து வெச்சிருக்கேன்.”

குறிக்காரி இரண்டு கையாலும் கண்ணை இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

“காகிதத்தை மடிங்க முதல்ல! அழிச்சிட்டு, அதைப் பார்த்து மறுபடி ஏத்துங்க, சரியா தப்பான்னு பெட்டியே சொல்லிடும். இதுக்கு எதுக்குங்க நான்? தலைக்குள்ள ஒண்ணு இருக்கே, அதைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கக் கூடாதா?” கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “யோசிக்கறதுக்கு இன்னும் எவனும் கட்டணம் வெக்கலைங்க. அதனாலதான் அதுக்கு மட்டும் உங்ககிட்ட மதிப்பே இல்லாமப் போச்சு!”